கூடு கட்டியவளுக்குச் சுட்ட பீட்சா

என் தம்பி பெண்டாட்டி ஹேமாவதி தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு உள்ளே போன ஐப்பசியில் எங்கள் ஊரில் மழை விடவில்லை, தழை ஈரமாகவே வந்தது, ஈரத் தழையைத் தின்றால் புழுவுக்கு நோய் வந்துவிடும் என்று வீட்டுக்கு வீடு பழைய புடவையை விரித்து மல்பெரித் தழையை உலர்த்திக்கொண்டிருந்தோம், ஆகவே ஒரு மனுஷி கூடு கட்டுகிறாளே என்று வாயைப் பிளந்து நிற்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. பார்த்தோம், சரி என்றோம், அடுத்தது என்ன செய்யவேண்டும் என்று கேட்டோம்.

மாரசந்திரம் தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம், காடு ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. எண்பது வீடு, எண்பது வீட்டிலும் பட்டுப்புழு. புழு ஒரு நாளைக்கு நாலு வேளை தின்னும், நாலு முறை தோல் உரித்துத் தூங்கும், ஒவ்வொரு தூக்கத்தையும் நாங்கள் ஜொரம் என்போம், நாலாம் ஜொரம் விட்டு எழுந்தால் அஞ்சாம் வயசு, ஒரு வாரம் பேய்த்தீனி தின்னும், பிறகு உடம்பு மஞ்சளாகிக் கண்ணாடியாகும், அதைப் பழுப்பது என்போம், பழுத்ததை எடுத்து மூங்கிலில் பின்னிய சந்திரிகையில் விட்டால் மூன்று நாளில் கூடு கட்டி முடிக்கும், ஆறாம் நாள் கூட்டைப் பிடுங்கி அங்காடிக்குக் கொண்டுபோய்விடுவோம், அன்றைக்கே புழு வளர்க்கிற மனையைக் கழுவி அடுத்த புழுவைக் கொண்டுவருவோம். எங்களுக்குத் தீபாவளி உண்டு, மாரியம்மன் பண்டிகை உண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. புழுவுக்கு எது ஞாயிறு?

ஹேமாவதிக்கு இருந்தது. ஓசூரில் ஒரு பீட்சா கடையின் சமையல்கட்டில் நாலு வருஷம் மாவு பிசைந்தவள் அவள். அங்கே சாப்பிடப் போன என் தம்பி முனிராஜு அவளைப் பார்த்து, மயங்கி, நம் ஊரிலேயே உனக்கு ஒரு சின்னக் கடை வைத்துத் தருகிறேன் என்று சொல்லிக் கட்டிக்கொண்டு வந்தான். அவன் பொய் சொல்லவில்லை. இந்தப் புழு கூடு கட்டி இறங்கட்டும் என்றான், அடுத்த புழு இறங்கட்டும் என்றான், இருபது தரம் புழு இறங்கிவிட்டது, அவள் தழை நறுக்கிக்கொண்டேயிருந்தாள். நான் அவனுக்கு அக்கா, பேர் நாகவேணி, புருஷன் போனபிறகு தம்பி வீட்டிலேயே இருப்பவள், கூட்டைக் கையில் எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்து உள்ளே இருப்பது உயிரா பிணமா என்று சொல்வதில் சுற்றுவட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பெருமைக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷம் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமாவதி யாரையும் கேட்காமல் பீட்சா செய்ய உட்கார்ந்தாள். மைதாவும் கோதுமையும் பாதிக்குப் பாதி, தேன்கனிக்கோட்டை பேக்கரிக்காரரிடம் கெஞ்சி வாங்கிவந்த ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர். எங்கள் ஊர்க் குளிரில் மாவு உப்பாது என்பதால் அவள் அந்தப் பாத்திரத்தைத் துணியால் மூடிப் புழு மனைக்குள் கொண்டுபோய்ப் புழுத் தட்டுகளுக்கு அடியில் வைத்தாள், அங்கேதான் நாங்கள் புழுவுக்காகக் கரியடுப்பு வைத்துச் சூடு காப்போம், புழு மேலே தின்ன, மாவு கீழே பொங்கிற்று. பிறகு தோட்டத்துக்குப் போய்க் காக்கைக்கும் பிள்ளைகளுக்கும் நாங்கள் விட்டுவைக்கும் மல்பெரிப் பழத்தை மடி நிறையப் பறித்துவந்தாள், பாதியைப் பூண்டும் பச்சைமிளகாயும் உப்பும் போட்டுக் கெட்டியாக வேகவைத்து மாவின்மேல் தடவினாள், துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரை உதிர்த்துப் போட்டாள், மீதிப் பழத்தை முழுசாகப் பதித்தாள், அரைக்கீரையையும் செடி நுனியின் இளந்தழையையும் மெல்லிசாக அரிந்து தூவினாள். இட்லிக் குண்டானில் மணல் போட்டு, மேலே தட்டு வைத்து, மூடியின்மேல் தணலைக் கொட்டி அவள் சுட்டு எடுத்தபோது பூண்டும் பழமும் கருகிய மணம் தெருக்கோடி வரைக்கும் போனது.

"அண்ணி, ஒரு வாய் தின்னு பாருங்க," என்று ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"பழத்துல பூண்டா? அதுமேல புழுத் தழையா? நான் இன்னா அஞ்சாம் வயசுப் புழுவா, இத தின்றதுக்கு?" என்றேன் நான். தெருவே சிரித்தது. முனிராஜுவும் சிரித்தான். தட்டுக் கழுவுகிற வேலை இருக்கிறது, அப்புறம் தின்கிறேன் என்று போனான், அந்த அப்புறம் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் செய்தாள். அதற்கடுத்த ஞாயிறும் செய்தாள். ஒவ்வொரு தடவையும் ஆறு துண்டாக வெட்டி, ஐந்து துண்டை ஐந்து வீட்டுக்குக் கொண்டுபோய், ஐந்தையும் திருப்பிக் கொண்டுவந்து, மனை வாசற்படியில் உட்கார்ந்து ஆறையும் தானே தின்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை, கடை என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவள் அன்றைக்கு ஒரு தரம் கத்தியிருந்தால்கூட எனக்கு உறைத்திருக்கும். எங்களுக்கு அவள் ரொம்ப வசதியாக இருந்தாள்.

புரட்டாசி முதல் வாரத்தில் அவளுக்கு முதல் ஜொரம் வந்தது. உடம்பு சுடவில்லை, உட்கார்ந்தவாக்கில் தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு பகலும் ஒரு இரவும் அசையாமல் இருந்தாள், எழுந்தபோது தோளிலும் முழங்கையிலும் தோல் மெல்லிசாக உரிந்து கீழே கிடந்தது, உள்ளே புதுத் தோல் பளபளவென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் சத்துக்குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் ஜொரம் வந்தது, மூன்றாம் ஜொரம் வந்தது. நாலாவது வந்தபோது பக்கத்து வீட்டு எல்லப்பா வந்து பார்த்துவிட்டு, "எழுப்பாதீங்க, ஜொரத்துல எழுப்பினா வீணாப்பூடும்," என்று சொல்லிச் சுற்றிலும் சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டுப் போனார். நாங்களும் கதவை மெல்லச் சாத்தினோம். எழுந்த பிறகு ஒரு வாரம் அவள் கீரையும் பழமும் தவிர வேறெதையும் தொடவில்லை, கட்டுக் கட்டாகத் தின்றாள், இருபத்தொன்பது வயசுப் பெண் தின்கிற சத்தம் கூரைமேல் தூறல் விழுகிறாற்போல் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டேயிருந்தது. பிறகு ஒரு காலையில் அவள் மஞ்சளாகிக் கண்ணாடியாக இருந்தாள். கழுத்தை உயர்த்தி இடமும் வலமும் எதையோ தேடினாள்.

"பழுத்துட்டாடா," என்றேன் முனிராஜுவிடம்.

அவன் காட்டுக்குப் போய் மூங்கில் வெட்டிவந்தான், பிளந்தான், சீவினான், கையெல்லாம் ரத்தமாக ஒரு சுவர் உயரத்துக்குச் சந்திரிகை பின்னிப் புழு மனையின் கிழக்கு மூலையில் சாய்த்தான். கடை வைத்துத் தருகிறேன் என்றவன் அவளுக்குத் தன் கையால் கட்டிக்கொடுத்த ஒரே இடம் அதுதான். ஹேமாவதி அதில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். வாயிலிருந்து நூல் வந்தது. மூன்று நாள் தலையை ஆட்டி ஆட்டி நூற்றாள், முதல் நாள் முகம் தெரிந்தது, இரண்டாம் நாள் கண் மட்டும் தெரிந்தது, மூன்றாம் நாள் மாலைக்குள் வெள்ளையாய், கெட்டியாய், உட்கார்ந்த ஆள் உயரத்துக்கு ஒரு கூடு நின்றது. முனிராஜு அதற்கு எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"திரும்பி வருவாளாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. முப்பது வருஷமாய்ப் புழு வளர்க்கிற ஊர், கோடிக் கணக்கில் கூடு கண்ட ஊர், ஆனால் கூட்டுக்குள்ளிருந்து பூச்சி வெளியே வருவதை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. பூச்சி வந்தால் நூல் அறுந்துவிடும், நூல் அறுந்த கூட்டை எவன் எடுப்பான், அதனால் அது வரும் முன்பே ஆறாம் நாள் அங்காடிக்கு அனுப்பிவிடுவோம், வாங்கிப்போகிறவர்கள் வெந்நீரில் போட்டுவிடுவார்கள். எப்போதாவது மூலையில் தவறிக் கிடந்த ஒன்றில் ஓட்டை விழுந்திருக்கும், பெருக்கித் தள்ளிவிடுவோம். ஆறாம் நாள் வரைக்கும் எங்களுக்கு எல்லாம் தெரியும். ஏழாம் நாள் என்ன நடக்கும் என்று கேட்டால் ஊரே முழிக்கும்.

ஊர் தனக்குத் தெரிந்த விதத்தில் அவளைப் பார்த்துக்கொண்டது. பக்கத்து நாலு வீட்டில் தாளிப்பை நிறுத்தினார்கள், ஊதுவத்தி கொளுத்தவில்லை, சத்தமாக மூக்குச் சிந்தக்கூட வெளியே போனார்கள். வெளியூரிலிருந்து வந்த தரகர் ஒருத்தர் கூட்டைத் தடவிப் பார்த்து, இவ்வளவு நீள நூல் ஒரே கூட்டில் வருமானால் என்று ஆரம்பித்தார், எல்லப்பா அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டுபோய் விட்டார். ஐந்தாம் நாளுக்கு மேல் பெண்களுக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. அவளைக் கூப்பிடவேண்டும், எதைக் காட்டிக் கூப்பிடுவது, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம், ஏனென்றால் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அப்படித்தான் மாரசந்திரம் பீட்சா சுட ஆரம்பித்தது. யாருக்கும் செய்முறை தெரியாது, சிரிப்பதற்காகப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஞாபகம் இருந்ததை வைத்துச் செய்தோம். ஒருத்தி பழத்தில் புளி கரைத்து ஊற்றினாள், ஒருத்தி கீரையைக் கடைந்து மெழுகினாள், எல்லப்பா பெண்டாட்டி சின்னப்பாப்பா சப்பாத்தி மாவில் சோடா உப்பைப் போட்டு அடுப்பிலேயே கருக்கினாள், பழத்தை முதலில் போடுவதா தழையை முதலில் போடுவதா என்று இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனது. மனைக்குள் மணம் ஆகாது என்று ஒரு கட்சி, மணம் போனால்தான் அவளுக்குத் தெரியும் என்று ஒரு கட்சி. கடைசியில் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக வைப்பது என்று முடிவானது. நானும் செய்தேன். மாவை மனைக்குள் தட்டுக்கு அடியில் வைத்தேன், இட்லிக் குண்டானில் மணல் போட்டேன், மூடிமேல் தணல் கொட்டினேன். என்னுடையதுதான் கிட்டத்தட்ட அவளுடையதைப் போல வந்தது. சிரித்தவர்களில் நான்தான் கிட்ட நின்று பார்த்தவள்.

பத்தாம் நாள் சாயங்காலம் நான் சுட்டதில் ஒரு துண்டை முனிராஜு எடுத்தான். அவன் மூன்று மாசத்தில் முதல் தடவையாக அதை வாயில் வைத்தான். மெதுவாக மென்றான், புளிப்பும் காரமும் பட்டுக் கண் கலங்கியது, இன்னொரு துண்டு எடுத்தான். பிறகு கூட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னான்:

"நல்லாத்தான் கீது ஹேமா. தெரியாமப் போச்சு. வந்துடு, பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு ரூம் பாத்துடலாம்."

நான் அங்கேதான் நின்றிருந்தேன். கூடு லேசாக அசைந்தது. கண்ணால் பார்த்தேன், அவனும் பார்த்தான், அன்றைக்கு அவன் சோறு தின்றான்.

மறுநாள் விடிந்தபோது கூட்டின் தலைமாட்டில் ஈரம் இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, லேசான பழுப்பாய், தொட்டால் கையில் ஒட்டியது. எங்கள் தொழிலில் கூட்டில் கறை கண்டால் ஒரே அர்த்தம்தான். உள்ளே இருந்தது செத்து, அழுகி, நீராகிக் கசிகிறது. அப்படிப்பட்டதைக் கண்ட நிமிஷமே அப்புறப்படுத்தவேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும், இதைப் பேச்சு வருவதற்கு முன்பே எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்கின்றன. ஊர் முழுக்க மனைக்குள் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தது. நான் காதை வைத்துக் கேட்டேன், அசைவில்லை. கையால் அழுத்தினேன், ஈரப் பக்கம் தொளதொளவென்று உள்ளே போனது. முகர்ந்தேன். நாற்றம் இல்லை. பழ வாசம்தான் அடித்தது. மழையில் சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"போயிட்டா," என்றேன்.

முனிராஜு கத்தியை எடுத்துவந்தான். "ஒரு தரம் மொகத்த பாத்துக்கறேன்க்கா. கொஞ்சமா கிழிச்சி பாத்துக்கறேன்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகிய முகத்தைப் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் அதுதான் அவன் கண்ணில் நிற்கும் என்று பயந்தேன். என் தம்பிமேல் எனக்கிருந்த பாசம் அத்தனையையும் சேர்த்துத்தான் அந்தக் கையைப் பிடித்தேன். "வேணாண்டா. அவ கடைசியா சிரிச்ச மொகம் இருக்குதே, அத வச்சிக்கோ. கேளுடா, அக்கா சொல்றேன்."

கேட்டான். சின்ன வயசிலிருந்தே நான் சொன்னால் கேட்பான்.

அன்று நடுப்பகலில் மழை கொஞ்சம் விட்டபோது மல்பெரித் தோட்டத்து ஓரத்தில் கூட்டின் தலைக்குமேல் நாலடி மண் நிற்கிற ஆழத்துக்குக் குழி வெட்டினோம். கூட்டை அப்படியே, ஒரு இழைகூடப் பிரிக்காமல், மஞ்சள் தண்ணீர் தெளித்து, தலைமாடு மேலே இருக்கும்படி நட்டவாக்கில் இறக்கினோம், ஏனென்றால் அவள் உட்கார்ந்துதானே கட்டினாள். ஊரே ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டது. முதல் பிடி நான் போட்டேன். வீட்டுக்கு வந்து மனையைக் கழுவினோம், மிச்சத் தட்டில் புழு பசியோடு தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது, அதற்குத் தழை போட்டோம்.

மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனோம். பெண்கள் எல்லாரும் தட்டில் பீட்சா எடுத்து வந்திருந்தார்கள், பழம் பதித்து, கீரை தூவி, ஆறாறு துண்டாக வெட்டி. இப்போது யாருக்கும் கருகவில்லை, எல்லாருக்கும் கை பழகிவிட்டிருந்தது. வாழை இலையில் வரிசையாய் வைத்தோம். அப்போதுதான் புஷ்பலதா வந்து சேர்ந்தாள். ஹேமாவதியின் சித்தி மகள், மைசூர்ப் பக்கம் புழு முட்டை தயாரிக்கிற இடத்தில் வேலை, மழையில் பஸ் கிடைக்காமல் தாமதமாகிவிட்டது. முட்டைக்காகக் கூட்டை வேகவைக்காமல் விட்டுப் பூச்சியை வெளியே வரவைக்கிற இடம் அது. அவள் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கூடு கட்டி எத்தனாவது நாள் அண்ணி, போனது?"

"பதினொண்ணு."

"எப்படித் தெரிஞ்சுது போயிட்டான்னு?"

"தலமாட்டுல ஈரம் இருந்திச்சி. கறை."

புஷ்பலதா சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பதினொண்ணாம் நாள் எல்லாமே நனையும் அண்ணி," என்றாள். "பூச்சி வாயிலருந்து தண்ணி விட்டு நூல நனைச்சி இளக்கும். அப்பதான் வழி பண்ணிக்கிட்டு வர முடியும். அதுக்கு முன்ன அசையாம கெடக்கும், பெலத்த சேத்துக்க. நாங்க ஈரத்த பாத்தா சந்தோஷப்படுவோம். காலையில நனைஞ்சா மத்தியானத்துக்குள்ள வந்துடும்."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இலையில் வைத்த பீட்சாமேல் தண்ணீர் விழுந்து பழச்சாறு கலங்கி ஓடியது. தோண்டவேண்டாம் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள், எல்லப்பாவாக இருக்கலாம், நல்ல மனுஷன், முனிராஜுவுக்காகத்தான் சொன்னார். அதற்குள் முனிராஜு மண்வெட்டியை எடுத்துவிட்டான். இரண்டு வெட்டு வெட்டினான், மூன்றாவதை ஓங்கியவன் அப்படியே நிறுத்தினான், மண்வெட்டியைத் தூர எறிந்துவிட்டு மண்டியிட்டு விரலால் மண்ணை விலக்கினான். ஒரு அடிகூட இருக்காது. நாங்கள் அவள் தலைக்குமேல் போட்டது நாலடி.

விரல்கள் மேலே நீட்டியிருந்தன. புதுசாக, வெளுப்பாக, ஈரமாக இருந்தன. நகக்கண் அத்தனையிலும் மண்.

முனிராஜு அந்தக் கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். தேய்த்துப் பார்த்தான், ஊதிப் பார்த்தான், சூடு ஏறவில்லை. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை, இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"நீ கை வச்சிப் பாத்துதானேக்கா சொன்ன?" என்றான்.

"ஆமாண்டா," என்றேன். "பாத்துதான் சொன்னேன்."